அண்ணைக்கு முன்னால் ஒரு கிளாஸ்

எனக்கு அறுபது வயதாகப் போகிறது. தலையில் மயிர் இல்லை. முன்பற்கள் இரண்டு நான் காசு கொடுத்து வாங்கியவை. மகள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். இவ்வளவு இருந்தும், பாரிசுக்குப் பக்கத்து ஓல்னே-சூ-புவாவில் ஒரு கலியாணம் என்றால் நான் இன்னும் இளந்தாரிகளின் கார் டிக்கியடியில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கலியாண மண்டபத்துக்குள் யாரும் குடிப்பதில்லை. உள்ளே ஐயர் இருக்கிறார், ஓமப்புகை இருக்கிறது, வீடியோக்காரர் இருக்கிறார். குடிப்பவர்கள் கார் நிறுத்தும் இடத்துக்குப் போவார்கள். அங்கே டிக்கிகள் திறந்திருக்கும். ஒன்று பெரியவர்களின் டிக்கி, நல்ல விஸ்கியும் உறைப்பான கடலையும் உள்ளது. மற்றது இளையவர்களின் டிக்கி, கோலாப் போத்தலில் கலந்து கொண்டுவந்த ஏதோ ஒன்று உள்ளது. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியக் கூடாது. நடுவில் ஒரு வான் நிற்பது உத்தமம்.

பெரியவர்களின் டிக்கியடியில் என் அண்ணை நிற்பார். ஆகவே நான் அங்கே போக முடியாது. என்னை அங்கிள் என்று கூப்பிடும் பையன்களோடு நின்று பிளாஸ்டிக் கப்பில் குடிப்பேன். "அங்கிள், உங்கட அண்ணை வாறார்" என்று ஒருவன் சொன்னால் போதும், கப்பில் இருப்பதைப் பக்கத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். அந்த மண்டபத்தின் பின்பக்கம் செடிகள் நன்றாகத்தான் நிற்கின்றன.

நான் குடிப்பேன் என்று அண்ணைக்குத் தெரியும். அண்ணை குடிப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிவதில் ஒரு பிரச்சினையும் இல்லை, காணத்தான் கூடாது. அவர் வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வருவார், நான் சூயிங்கத்தைப் போட்டுக்கொண்டு போவேன். மண்டப வாசலில் சந்தித்து, இந்த வருடம் குளிர் கூட என்று பேசிக்கொள்வோம். முப்பது வருடத்துக்கு மேலாக இதுதான் எங்கள் உறவு.

அவர் வெறும் அண்ணையாக இருந்திருந்தாலாவது காலப்போக்கில் இது கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்பா சாகும்போது எனக்கு மீசை முளைக்கவில்லை. அதன் பிறகு என் பள்ளிக்கூடம், என் சட்டை, என் அடி, எல்லாம் அண்ணை கையால்தான். முதலில் பாரிசுக்கு வந்தவரும் அவர். ரெஸ்டோரண்டுகளில் கோப்பை கழுவி என்னை இஞ்சை எடுத்தவரும் அவர். அப்படிப்பட்ட மனிதருக்கு முன்னால் கிளாசைத் தூக்குவதென்றால் எனக்குக் கையே வராது.

இந்த வருடம் அண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அண்ணி இறந்த பிறகு அவர் வீட்டில் ஒரு சட்டியும் ஒரு ரேடியோவும்தான் மிச்சம். டொரொன்டோவில் இருக்கும் மகள், அப்பா இனி அங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று விடாமல் கூப்பிட்டாள். நான் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் பாதிச் சனத்தை விமானத்தில் ஏற்றியவன் நான்தான். அண்ணையின் டிக்கெட்டையும் நான்தான் போட வேண்டும்.

"போறது மட்டும் போடு தம்பி," என்று சொன்னார், பொரித்த வடை ஒன்று தா என்று கேட்பதுபோல.

கம்ப்யூட்டர் என்னிடம் திரும்பி வரும் தேதியைக் கேட்டது. எத்தனையோ பேருக்குப் போறது மட்டும் போட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் அது கேட்டது எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு உறைத்தது. சிஸ்டம் வேலை செய்யேல்லை அண்ணை, நாளைக்கு வாங்கோ என்று பொய் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாளும் சிஸ்டம் வேலை செய்யவில்லை. பிறகு முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியதால் டிக்கெட்டை அடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. அண்ணை போவதற்கு முதல் அவரோடு ஒரு தரம், ஒரே ஒரு கிளாஸ், நேருக்கு நேர் நின்று குடிக்க வேண்டும். வான் மறைக்காமல், செடிக்கு ஊற்றாமல். இதை மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் பிரெஞ்சில், அப்படியென்றால் கேட்க வேண்டியதுதானே என்றாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு உலகத்தில் எதையும் கேட்கலாம் என்று ஒரு நினைப்பு. கேட்க முடியாது என்று நான் விளக்கினேன். அவள் தன் போனை எடுத்து ஏதோ தட்டினாள். பெரியப்பாவின் ஓய்வுக்குத் தன் பரிசு என்று, எப்பெர்னே என்ற ஊரில் ஷாம்பெயின் நிலவறை பார்க்க இரண்டு பேருக்கு இடம் பிடித்துவிட்டாள். அங்கே செய்வதற்கு வேறு எதுவுமே இல்லை, அதனால் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பது அவளுடைய வாதம்.

நிலவறைக்குப் பிரெஞ்சில் காவ் என்பார்கள். எங்களுக்கும் அந்தச் சொல் நன்றாகத் தெரியும். பாரிஸ் மாடிவீடுகளின் அடியில் ஆளுக்கொரு காவ் உண்டு. அதில் நாங்கள் அரிசி மூட்டையும் தேங்காய்ப்பால் டின்னும் பழைய சூட்கேசும் அடுக்கி வைப்போம். கூடவே மனைவிக்குத் தெரியாமல் ஒரு போத்தலும். மனைவி விஷயத்தைக் கேட்டதும், "எங்கட காவை ஒரு நாளும் கூட்டாத மனுசன், காசு குடுத்து ஆரின்ரையோ காவைப் பாக்கப் போறார்," என்று சொல்லிவிட்டுக் குளிருக்கு ஒரு மஃப்ளரை எடுத்துத் தந்தாள். அந்தப் போத்தலைப் பற்றி அவளுக்கும் தெரியும்தான் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை கார் து லெஸ்த் ரயில் நிலையத்தில் அண்ணை எனக்கு முதலே வந்து நின்றார். கோட்டுப் போட்டு, டை கட்டி, கையில் லா ஷப்பலில் வாங்கிய மீன் ரோல்ஸ் பொதியோடு. போற இடத்தில் வெள்ளைக்காரன் உறைப்பில்லாமல் தருவான் என்பது அவருடைய தற்காப்பு. ரயில் ஏறியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் துடைத்தார். அந்தக் கண்ணாடி சோடாப் போத்தலின் அடியைப் போலத் தடிப்பு. அது இல்லாவிட்டால் அண்ணைக்கு உலகம் வெறும் நிறம்தான். ஒருமுறை அது உடைந்து திருத்தக் கொடுத்திருந்த நாளில், புடவைக் கடை வாசலில் சேலை உடுத்தி நின்ற பொம்மையிடம், "எப்பிடிப் பிள்ளை, அப்பா சுகமோ?" என்று விசாரித்தார். பதில் வராததில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தமும் இருந்தது.

ரயிலில் கேட்டுவிடுவது என்று நான் இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அண்ணை, இண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து, என்று தொடங்க வேண்டும். வெளியே ஒரு ஆறு வந்தது, ஷாம்பெயினுக்கான முந்திரிகைக் கொடித் தோட்டங்கள் வந்தன, வரிசை வரிசையாக, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரியதுபோல. நான் "அண்ணை" என்றேன். அவர் "ஓம்" என்றார். நான், "ரோல்ஸ் ஒண்டு தாங்கோ," என்றேன்.

எப்பெர்னேயில் நாங்கள் கொஞ்சம் வேளைக்கே இறங்கிவிட்டோம். பெரிய தெருவின் இருபுறமும் இரும்புக் கதவு போட்ட மாளிகைகள். அத்தனையும் ஷாம்பெயின் கம்பனிகள். தெருவுக்கு அடியில் கோடிக்கணக்கில் போத்தல்கள் படுத்துக் கிடக்கின்றன என்று மகள் சொல்லியிருந்தாள். அதன்மேல் நடக்கும்போது அண்ணை கொஞ்சம் மெதுவாகக் காலை வைத்து நடந்ததாக எனக்குப் பட்டது. நேரம் போக்க ஒரு வைன் பாருக்குள் போனோம்.

கடைக்காரர் கொண்டுவந்த பட்டியல் கலியாண அல்பம் அளவுக்கு இருந்தது. அண்ணை அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். நானும் வாசித்தேன். கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பக்கத்து மேசையில் ஒரு கிழவியே காலைப் பத்தரைக்கு ஒரு கிளாசோடு இருந்தாள். அண்ணை பட்டியலை மூடிவிட்டு, உனக்கு என்ன என்று கேட்டார். எனக்கு கஃபே அண்ணை என்று கோப்பியைச் சொன்னேன். எனக்கும் கஃபே என்றார். சைவக் கடையில் ஆட்டிறைச்சி கேட்டவர்களைப் பார்ப்பதுபோலக் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

கஃபே வந்து கொஞ்ச நேரத்தில் அண்ணை கழிப்பறைக்கு என்று எழும்பிப் போனார். வயதான மனிதர், நேரம் எடுக்கும் என்று நானும் பேசாமல் இருந்தேன். திரும்பி வந்தபோது ஏலக்காய் மணத்தது. பிறகு நான் எழும்பினேன். கழிப்பறைக்குப் போகும் வழியில், ஒரு தூணுக்குப் பின்னால், சின்னதாக ஒரு கவுண்டர் இருந்தது. எங்கள் மேசையிலிருந்து பார்த்தால் தெரியாது. இந்த ஊர்க்காரர்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்துதான் கட்டினார்களோ என்னவோ.

கவுண்டரில் நின்றவரிடம் ஒரு கிளாஸ் ஷாம்பெயின், கொஞ்சம் கெதியாக, என்றேன். அவர் ஊற்றிக்கொண்டே, உங்கள் நண்பரும் இதையேதான் குடித்தார், அவருக்கும் அவசரம்தான் என்றார். நான் ஒரே மடக்கில் விழுங்கினேன். நுரை மூக்கால் வந்தது. கவுண்டரின் மேல் அண்ணை குடித்து வைத்த கிளாஸ் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. என்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். கிளாஸ்கள் இரண்டும் ஒன்றாக நின்றன, நாங்கள்தான் நிற்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சூயிங்கத்தை வாயில் போட்டுக்கொண்டு மேசைக்குப் போனேன். இந்த வருடம் குளிர் கூட என்றார் அண்ணை.

நிலவறையில் எங்களோடு ஒரு பெல்ஜியச் சோடியும் வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். வழிகாட்டி ஒரு இளம்பெண். கழுத்தில் பட்டுத்துணி, குரலில் கோயில் அறிவிப்பாளரின் பக்தி. படிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. கீழே நல்ல குளிர். வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் குடைந்த பாதைகள், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை போத்தல்கள். அண்ணை சுவரைத் தடவி விரலைப் பார்த்தார். "வெத்திலைதான் குறை," என்று என் காதில் சொன்னார். பிறகு அந்தப் பாதையின் நீளத்தைப் பார்த்து, உதுக்குள்ள எத்தினை மூட்டை அரிசி அடுக்கலாம் என்று பெருமூச்சு விட்டார்.

வழிகாட்டி பயபக்தியோடு விளக்கினாள். போத்தல்கள் இருட்டில் வருடக்கணக்கில் படுத்திருக்கும். பிறகு தலைகீழாகக் குத்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, உள்ளே இருக்கும் மண்டியை எல்லாம் கழுத்துக்குக் கொண்டுவருவார்கள். கடைசியில் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் மண்டி வெளியே பாய்ந்துவிடும். அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்றாள். கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது அண்ணை கையை உயர்த்தினார். இவ்வளவு பேர் வந்து குடிக்கிறார்களே, கிளாஸ் கழுவுகிற இடம் எங்கே இருக்கிறது என்று நல்ல பிரெஞ்சில் கேட்டார். அந்தப் பெண்ணிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். மேலே என்று சொன்னாள். "அப்ப ஒவ்வொரு நாளும் உந்தப் படியெல்லாம் ஆரோ காவிக்கொண்டு ஏறுறான்," என்று அண்ணை என்னிடம் சொன்னார். அதன் பிறகு மண்டியைப் பற்றி அவருக்கு அக்கறை போய்விட்டது.

கடைசியில் ஒரு வளைவான அறைக்குள் கொண்டுபோனாள். பீப்பாய் ஒன்றின் மேல் கிளாஸ்கள். பக்கத்தில் ஒரு வெள்ளி வாளி, விழுங்க விரும்பாதவர்கள் அதில் துப்பலாமாம். சபைக்கு நடுவில் எச்சில் துப்புவதா என்று அண்ணை முகத்தைச் சுழித்தார். அவள் ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். முகர்ந்து பாருங்கள், பிரியோஷ் பாண், பச்சை ஆப்பிள், மழையில் நனைந்த கல் என்றாள். மற்றவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக் கல்லைத் தேடினார்கள். "நனைஞ்ச கல்லை உவள் எப்ப நக்கிப் பாத்தவள்?" என்றார் அண்ணை.

இனி ஓட இடமில்லை. தூண் இல்லை, வான் இல்லை, செடி இல்லை. அண்ணை கையிலும் கிளாஸ், என் கையிலும் கிளாஸ். மகள் சொன்னதுபோல இங்கே செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. நாங்கள் என்ன செய்தோம் என்றால், யாரும் சொல்லாமலே, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கம் திரும்பினோம். அவர் ஒரு சுவரைப் பார்த்தார், நான் மற்றச் சுவரைப் பார்த்தேன். முதுகோடு முதுகு முட்டிக்கொண்டு நின்றோம்.

பெல்ஜியச் சோடி எங்களைப் பார்த்தது. வழிகாட்டியும் பார்த்தாள். அருகில் வந்து, உங்களுக்குள் ஏதும் கோபமா என்று மெதுவாகக் கேட்டாள். கோபம் இல்லை, இவர் என் மூத்த சகோதரர், அதனால் நாங்கள் சேர்ந்து குடிப்பதில்லை என்று விளக்கினேன். இப்போது சேர்ந்துதானே குடிக்கிறீர்கள் என்றாள். இல்லை மதாம், ஒரே நேரத்தில் தனித்தனியாகக் குடிக்கிறோம் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு விசர்க்கதை என்று எனக்கே விளங்கியது.

அவள் விடவில்லை. இது ஷாம்பெயின், இந்த நிலவறையில் யாரும் கிளாசை முட்டாமல் குடித்ததில்லை என்றாள். முட்டும்போது ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவும் வேண்டும். பார்க்காமல் முட்டினால் ஏழு வருடத்துக்குக் கட்டில் சுகம் கிடையாது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தாள். பெல்ஜியர்களும் சிரித்தார்கள். அண்ணைக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் சுவரைப் பார்த்தபடியே, "என்னவாம்?" என்று என்னைக் கேட்டார்.

"ஏழரைச் சனி மாதிரி ஏதோ ஒண்டாம் அண்ணை," என்றேன்.

"உவள் விடமாட்டாள் போல கிடக்கு."

அப்போது நான் திரும்பினேன். எந்தத் தைரியத்தில் திரும்பினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவருடைய பிடரி தெரிந்தது, கோட்டுக் கழுத்தில் தையல்காரன் விட்ட நூல் ஒன்று தொங்கியது. அடுத்த மாதம் இந்தப் பிடரியை நான் காணமாட்டேன். போறது மட்டும். "அண்ணை, நீங்கள் போறதுக்கு முதல் ஒருக்கா," என்று தொடங்கினேன்.

அண்ணையும் திரும்பினார். ஏசப் போகிறார் என்றுதான் நினைத்தேன், கிளாசை என் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டது. அவர் இடக்கையை உயர்த்தி, அந்தத் தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடித்து, கோட்டின் மேல் பையில் வைத்து, பையை ஒருதரம் தட்டிப் பார்த்தார்.

"இப்ப எனக்கு ஒண்டும் தெரியாது," என்றார். "நீ குடி."

கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கிளாசை நீட்டினார். வழிகாட்டி சொன்னபடி கண்ணுக்குள் பார்ப்பதாகத்தான் அவருக்கு எண்ணம். ஆனால் பார்வை என்னைவிட்டு ஒரு முழம் விலகி, பெல்ஜியக்காரரின் மேல் விழுந்திருந்தது. அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் கிளாசைத் தூக்கப் பார்த்தார். நான் அவரைத் தள்ளாத குறையாக விலக்கிவிட்டு, அண்ணை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றேன்.

கண்ணாடி இல்லாத அண்ணையின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் கண்டதில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய சிவந்த பள்ளம் இருந்தது. கண்கள் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னவை, கொஞ்சம் பயந்தவை. என்னை அடித்தபோதும் வளர்த்தபோதும் இந்த மனிதர் இந்தக் கண்களோடுதான் இருந்திருக்கிறார். என் கிளாசைக் கொண்டுபோய் அவருடையதில் முட்டினேன். சின்னச் சத்தம்தான். குடித்தோம். பிரியோஷும் இல்லை, ஆப்பிளும் இல்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து வாய்க்குள் போனதால் உப்பாகத்தான் இருந்தது.

பிறகு அண்ணை கண்ணாடியை எடுத்து டை நுனியால் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்து, மற்றப் பக்கம் துடைத்து, ஊதி, திரும்பவும் துடைத்தார். நான் மனைவி தந்த மஃப்ளரால் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் போட்டார்.

"தண்ணி நல்ல குளிர்," என்றார், கையில் இருந்த வெறும் கிளாசைப் பார்த்து.

"ஓம் அண்ணை," என்றேன். "நல்ல தண்ணி."

வழிகாட்டி அடுத்த போத்தலோடு வந்தாள். இது ரோஸ் நிறமாம், இதில் காட்டுப்பழ வாசம் வருமாம், இன்னொரு கிளாஸ் வேண்டுமா என்று கேட்டாள். அண்ணை என்னைப் பார்க்கவில்லை. வலக்கையால் கிளாசை நீட்டினார், இடக்கையால் கண்ணாடியைக் கழற்றினார்.